ஸ்லைடரை இழுத்தால் கட்டடம் வருமா?

போன இதழில், சென்னைக் கட்டடக்கலை மாணவர்கள் கணினியில் விதி எழுதிச் செய்கிற ஜாலிச் (துளைத் துளையான) சுவர்கள், விளக்குக் கூடுகள் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். இப்படி விதியையும் அளவுகளையும் வைத்துச் செய்வதற்குப் பெயர் பாராமெட்ரிக் டிசைன்; அப்படிப் போட்டால் யார் படிப்பார்கள் என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் முகம் சுளித்தார். வந்த கடிதங்களைப் பார்த்த பிறகு அவரே இந்த மாதம் இரண்டு பக்கம் கூடுதலாகக் கொடுத்துவிட்டார். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

என் மகள் பி.ஆர்க். (கட்டடக்கலை) மூன்றாம் வருஷம். முதல் வருஷத்தில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கையால் வரைவாள், பார்க்கவே பெருமையாக இருக்கும். இப்போது லேப்டாப்பில் ஒயர் ஒயராக இழுத்துக்கொண்டு, கேட்டால் "டிசைன் பண்றேன்மா" என்கிறாள். இது என்ன டிசைன்?
— வாசகி, குரோம்பேட்டை

நீங்கள் பார்த்தது அநேகமாக கிராஸ்ஹாப்பராக இருக்கும். ரைனோ என்கிற முப்பரிமாண மென்பொருளுக்குள் ஓடுவது, டேவிட் ரட்டன் என்பவர் உருவாக்கி 2007-இல் வெளிவந்தது. திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். ஒன்று கோடு போடும், ஒன்று அந்தக் கோட்டைச் சமமாகப் பிரிக்கும், இன்னொன்று பிரித்த இடங்களில் வட்டம் வைக்கும், ஒன்றின் விடை ஒயர் வழியாக அடுத்ததற்குப் போகும். இடது ஓரத்தில் ஸ்லைடர்கள், அதாவது எண்ணைக் கூட்டக் குறைக்க இழுக்கிற பட்டைகள். அதில் 10 என்று இருப்பதை 14-க்கு இழுத்தால், வட்டங்கள், அவற்றின் இடைவெளி, அவற்றைத் தாங்குகிற சட்டம், கடைசியில் எத்தனை பலகை வாங்க வேண்டும் என்ற கணக்கு வரை எல்லாம் கூடவே மாறிவிடும். உங்கள் மகள் எழுதுவது விதியை; அந்த விதி படத்தை வரைந்துகொள்கிறது.

கேட்கப் புதிதாக இருந்தாலும் காரியம் பழசுதான். சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கிற ஸ்தபதிகளிடம் ஒடியோலை என்று ஒன்று உண்டு. செய்யப்போகிற சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று மடித்து மடித்துக் குறித்துக்கொள்வார்கள். அடி, அங்குலம் எதுவும் தேவையில்லை. அரை அடிச் சிலைக்குச் சின்ன ஓலை, மூன்றடிச் சிலைக்குப் பெரிய ஓலை, மடிக்கிற முறை ஒன்றுதான். உயரம் என்கிற ஒரே ஒரு அளவை மாற்றினால் மற்ற எல்லா அளவும் தன்னால் மாறிக்கொள்ளும்.

அடுத்த தடவை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது ஒரு ஸ்லைடரைக் காட்டி, "இந்த எண் எங்கேருந்து வந்தது?" என்று கேளுங்கள். வெயிலிலிருந்து, பலகையின் கனத்திலிருந்து, கை எட்டும் உயரத்திலிருந்து என்று ஏதாவது பதில் வந்தால் பெருமையை அப்படியே தொடரலாம். "சும்மா இழுத்தேன், நல்லா இருந்துச்சு" என்றால் அவள் இன்னும் விளையாட்டுக் கட்டத்தில்தான் இருக்கிறாள். அதுவும் வேண்டியதுதான், மூன்றாம் வருஷம்தானே.

எங்கள் டிசைன்களை மதிப்பிடுகிற ஜூரியில் என் மாடலைப் பார்த்ததும் வந்திருந்த சார், "திரும்பவும் வொரொனாயா?" என்று கேட்டுவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விட்டார். வொரொனாய் செய்தால் என்ன தப்பு?
— மாணவர், தாம்பரம்

தப்பில்லை, ஆனால் சார் போனது சரி. ஒரு தாளில் சில புள்ளிகளைத் தூவி, தாளின் ஒவ்வொரு இடத்தையும் அதற்கு மிக அருகில் இருக்கிற புள்ளிக்கே எழுதி வைத்தால் கிடைக்கும் பாகப்பிரிவினைதான் வொரொனாய். கியோர்கி வொரொனாய் என்ற கணிதவியலாளர் 1908-இல் இதை முறையாக எழுதினார். ஆக அதற்குள் இருக்கிற ஒரே கேள்வி, "யாருக்கு எது கிட்டே?" என்பது. உங்கள் மாடலில் அந்தப் புள்ளிகள் எதைக் குறிக்கின்றன? கணினி இஷ்டத்துக்குத் தூவுகிற ரேண்டம் என்ற பெட்டியிலிருந்து வந்த புள்ளிகள் என்றால் அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவே இல்லை, தட்டாம்பூச்சி இறக்கை மாதிரி இருக்கிறதே என்று நிறுத்திக்கொண்டீர்கள்.

ஒரு ஜூரியில் வேறு விதமாகப் பார்த்திருக்கிறேன். வியாசர்பாடிப் பக்கம் ஒரு குடியிருப்பில் தெருக்குழாய்களைப் புள்ளியாக வைத்து வொரொனாய் போட்டிருந்தாள் ஒரு பெண். எந்தக் குழாய்க்கு எத்தனை வீடு சேருகிறது என்று பளிச்சென்று தெரிந்தது. ஒரு மூலையில் மட்டும் பாகம் பூதாகரமாக வீங்கியிருந்தது. புதுக் குழாயும் அதை ஒட்டி ஒரு நிழல் திண்ணையும் எங்கே வர வேண்டும் என்று அவள் விளக்க வேண்டியே இருக்கவில்லை. மாடல் சாதாரண சன்போர்டு அட்டையில்தான் இருந்தது.

இன்னொன்று. பெய்ஜிங்கில் 2008 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டிய நீச்சல் அரங்கத்தைப் பார்த்துவிட்டு வொரொனாய் என்று பலர் சொல்கிறார்கள். அது டெனிஸ் வேர், ராபர்ட் ஃபெலன் என்ற இருவர் 1993-இல் கண்டுபிடித்த நுரை அமைப்பு. இரண்டே வகைக் குமிழிகள் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கின்றன, அந்த அடுக்கைச் சாய்வாக வெட்டியதால் தாறுமாறாகத் தெரிகிறது. பார்க்க ஒழுங்கற்றது, கட்ட ஒழுங்கானது. திருட வேண்டுமானால் அந்த யோசனையைத் திருடுங்கள்.

இதெல்லாம் மேல்நாட்டு மோகம். நம் கோலத்தில் இல்லாததா?
— வாசகர், மயிலாப்பூர்

கோலத்தில் இருக்கிறது, நீங்கள் சொன்னது மெய்தான், அதை முதலில் கணிதமாகப் பார்த்தவர்களும் இங்கேதான் இருந்தார்கள். தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கூட ஆய்வு செய்தவர்களும் 1970-களில் சிக்குக் கோலத்தை ஒரு இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். சொற்களைச் சேர்த்து வாக்கியம் அமைக்க விதி இருக்கிற மாதிரி, புள்ளிகளையும் வளைவுகளையும் சேர்த்துக் கோலம் அமைக்க விதி. புள்ளி வரிசையைக் கூட்டினால் அதே விதி பெரிய கோலத்தைத் தரும். வாசலில் போடுகிற அம்மாவுக்கு இது எப்போதோ தெரியும், மடிக்கணினி மட்டும்தான் இல்லை. அப்புறம் கன்னியாகுமரி வள்ளுவர் சிலை: அதிகாரம் 133, உயரம் 133 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு 38 அடிப் பீடம், மற்ற 95-க்கு 95 அடிச் சிலை. கணபதி ஸ்தபதி எண்ணை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டால் பதில் புத்தகத்திலேயே இருக்கிறது.

ஆனால் எல்லாம் நம்மிடமே இருந்தது என்று முடித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்பெயினில் கௌடி என்ற கட்டடக்கலைஞர், கொலோனியா குயெல் தேவாலயத்துக்காகக் கயிறுகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அவற்றில் ஈயக் குண்டு நிரப்பிய சின்னப் பைகளைக் கட்டி, வளைவுகள் தாமாக அமைவதைப் படமெடுத்துத் திருப்பிப் பார்த்தார். தொங்குகிற சங்கிலியைக் கவிழ்த்தால் அதுவே நிற்கிற வளைவு என்று ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1675-லேயே சொல்லியிருந்தார். இத்தாலியக் கட்டடக்கலைஞர் லூயிஜி மொரெட்டி, 1960-இல் மிலானில், எந்த இருக்கையிலிருந்து பார்த்தால் மைதானம் எப்படித் தெரியும் என்ற கணக்கிலிருந்தே பிறந்த அரங்க மாடல்களைக் காட்சிக்கு வைத்தார், அந்தக் காலத்துக் கணினியின் உதவியோடு. இதையும் கோலத்தையும் ஒரே மாணவர் படித்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

தீசிஸுக்கு ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) ஒரு அலுவலகக் கட்டடம். மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதன் முன்னால் துளை போட்ட பாராமெட்ரிக் திரை. துளைகளின் அளவை எதை வைத்து மாற்றுவது? அட்ராக்டர் பாயின்ட் வைத்தால் போதுமா?
— ஐந்தாம் ஆண்டு மாணவி, சோழிங்கநல்லூர்

அட்ராக்டர் பாயின்ட் என்றால் நடுவில் ஒரு புள்ளியை வைத்து, அதற்குக் கிட்டே துளை சின்னது, தள்ளிப் போகப் பெரியது என்று செய்வது. படத்தில் அலை அலையாக அழகாக வரும். அந்தப் புள்ளி வெயிலுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் மத்தியான வெயில் நேர் உச்சியில் நிற்கும், இடைப்பட்ட மாதங்களில் உச்சிப்பொழுதில் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். குளிர் நாடுகளில் எழுதிய புத்தகத்தைப் பார்த்து "வடக்குச் சுவருக்கு நிழல் வேண்டாம்" என்று எழுதியிருந்தால் முதலில் அதை அடியுங்கள்.

உங்கள் சுவருக்கு வருவோம். ஜூனில் மாலை 5 மணிக்கு சூரியன் அடிவானத்திலிருந்து 20 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். கிடைமட்டப் பலகைகளால் மட்டும் அதைத் தடுக்க வேண்டுமானால், இரண்டு பலகைக்கு நடுவே ஒரு அடி இடைவெளி விட்டால் ஒவ்வொரு பலகையும் இரண்டரை அடி வெளியே நீள வேண்டும். யாரும் கட்ட மாட்டார்கள். ஆனால் அதே நேரத்தில் சூரியன் நேர் மேற்கில் இருக்காது, ஏறக்குறைய 20 டிகிரி வடக்கே தள்ளி இருக்கும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை மாலை வெயில் இந்த வடமேற்குச் சரிவில்தான் வரும். ஆக ஒவ்வொரு துளைக்கும் வடக்குப் பக்கம் காது மாதிரி நீட்டிய ஒரு தடுப்பு வைத்து, வாயைத் தென்மேற்கே திருப்பினால், உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும், கொளுத்துகிற மாதங்களின் வெயில் பெரும்பாலும் காதில் பட்டு நின்றுவிடும். டிசம்பர் வெயில் உள்ளே வரும், அது அவ்வளவு உறைக்காது. திருப்புகிற கோணம், காதின் ஆழம், துளை அளவு, இந்த மூன்றுதான் உங்கள் ஸ்லைடர்கள். லேடிபக் என்ற இலவச இணைப்பில் சென்னையின் வானிலைக் கோப்பை ஏற்றினால் சுவரின் எந்தப் பகுதியில் எவ்வளவு வெப்பம் விழுகிறது என்று ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தரும். எதிரே ஒரு பத்து மாடிக் கட்டடம் இருந்தால் உங்கள் கீழ்த்தளங்களுக்கு அதுவே நிழல், அதையும் மாடலில் வையுங்கள். துளைகளின் அளவு தன்னால் மாறும், அலை வராமலும் போகலாம், பரவாயில்லை.

வெயிலோடு முடியவில்லை. சென்னைக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி சொல்கிற அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது பிய்ந்து பறந்த தகடுகளை நினைத்துக்கொண்டு பிடிமானத்தை வரையுங்கள். அப்புறம் புறா. கையகலத் துளையும் ஒரு சின்னத் திண்டும் இருந்தால் ஒரே மாதத்தில் குடித்தனம் வந்துவிடும், ஜூரியில் யாரும் கேட்க மாட்டார்கள், கட்டடத்துக்குச் சொந்தக்காரர் கேட்பார். திண்டு எல்லாவற்றையும் வெளிப்பக்கம் சரித்து விடுங்கள்.

கடைசியாக, எத்தனை வகைத் துளை? கணினி 800 துளையையும் 800 அளவில் கொடுக்கும். தகடு வெட்டுகிறவருக்கு அது பெரிய கஷ்டமில்லை, மாட்டுகிறவருக்குத்தான் நரகம். அளவுகளை ஆறு ஏழு வகைக்குள் அடக்கி, வெப்ப அளவு எவ்வளவு கெடுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பெரிதாகக் கெடாது. இந்த ஒப்பீட்டை ஒரு பக்கத்தில் வைத்தீர்கள் என்றால் தீசிஸில் அதுதான் உருப்படியான பக்கம்.

பாராமெட்ரிக் லாம்ப் ஷேடுகளை 3டி பிரின்ட் செய்து விற்க ஆரம்பித்திருக்கிறோம், நான்கு பேர். கண்காட்சிக்குக் காரில் எடுத்துப்போன ஒன்று வழியிலேயே சப்பையாகிவிட்டது. லேசரில் வெட்டிய எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) விளக்கும் மழைக்காலத்தில் பிரிந்து வருகிறது. எங்கே பிழை?
— மாணவர் குழு, வேளச்சேரி

டிசைனில் இல்லை, பொருளில். நீங்கள் பயன்படுத்துவது பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்காக இருக்கும். அது 60 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பித்துவிடும், மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டைத் தாண்டும். பி.இ.டி.ஜி. என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் என்றால் 80 வரை தாங்கும். உள்ளே எல்.இ.டி. பல்பு மட்டும் என்று அட்டையில் பெரிதாக அச்சிடுங்கள், யாராவது ஒரு தாத்தா பழைய 60 வாட் குண்டு பல்பை மாட்டிவிடுவார்.

பிரின்ட் செய்யும்போது பிளாஸ்டிக் உருகி வெளிவருகிற நாசிலிலிருந்து பட் பட்டென்று சின்னதாக வெடிக்கிற சத்தம் கேட்கிறதா? சுவரில் நூல் நூலாகத் தொங்குகிறதா? ஃபிலமென்ட், அதாவது அந்தப் பிளாஸ்டிக் இழை, ஈரம் குடித்திருக்கிறது. இந்த ஊர்க் காற்றில் ரீலைத் திறந்து வைத்தால் அப்படித்தான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு போட்டு வையுங்கள், ஏற்கெனவே ஈரமானதை 45–50 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்துங்கள். வீட்டு அடுப்பங்கரை ஓவனில் வேண்டாம், அதன் சூடு சொன்ன பேச்சைக் கேட்காது.

ஷேடின் மடிப்புகள் 45 டிகிரிக்கு மேல் வெளியே சாய்ந்தால் அடியில் தாங்கு கொடுக்க வேண்டியிருக்கும், அதைப் பிய்த்தெடுத்த இடம் விளக்கைப் போட்டதும் தழும்பாகத் தெரியும். சாய்வை 45-க்குள் நிறுத்துகிற விதியை கிராஸ்ஹாப்பரிலேயே எழுதிவிடுங்கள், பிறகு ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் பிரின்ட் ஆகிற உருவம்தான் வரும்.

எம்.டி.எஃப். கதை வேறு. 3 மில்லிமீட்டர் என்று கடையில் கொடுக்கிற பலகை நிஜத்தில் 2.8 இருக்கலாம், 3.1 இருக்கலாம். லேசர் தன் பங்குக்கு ஒரு முடியளவு, சுமார் 0.2 மில்லிமீட்டர், எரித்து எடுத்துவிடும். மாட்டுகிற பள்ளத்தை 3 என்று வரைந்தால் லொடலொடவென்று இருக்கும், கோந்தை நம்ப வேண்டிவரும், ஐப்பசியில் பலகை உப்பி, கோந்து விட்டு, நீங்கள் சொன்னது நடக்கும். ஒவ்வொரு லோடு பலகையையும் வெர்னியரில் அளந்து அந்த எண்ணைக் கனத்துக்கான ஸ்லைடரில் போடுங்கள், 2.6-லிருந்து 3.0 வரை பள்ளம் வெட்டிய ஒரு சோதனைத் துண்டை முதலில் வெட்டி, எது கைக்கு இறுக்கமாக உட்காருகிறதோ அதை எடுங்கள். வெட்டு ஓரங்களை சீலர் அடித்து மூடுங்கள். எம்.டி.எஃப். ஓரத்தில்தான் தண்ணீர் குடிக்கும்.

ரைனோ வாங்க வசதியில்லை, கிராக் போட்ட வெர்ஷன் பயமாக இருக்கிறது. வழி உண்டா?
— மாணவர், பெரம்பூர்

பயம் நல்லதுதான். ரைனோவை 90 நாள் முழு வசதியோடு இலவசமாகப் பயன்படுத்தலாம், கிராஸ்ஹாப்பர் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு செமஸ்டர் வேலைக்குக் கிட்டத்தட்டப் போதும். அதற்குப் பிறகு பிளெண்டர், அது எப்போதுமே இலவசம், 2021-லிருந்து ஜியோமெட்ரி நோட்ஸ் என்ற வசதி அதில் இருக்கிறது. யோசிக்கிற முறை அதேதான். ஆண்டர்சன் தெருவில் ஒரு கட்டு கிராஃப் தாளும் வாங்கி வையுங்கள், விதியை முதலில் கையால் நாலு தடவை போட்டுப் பார்த்தால் பாதிப் பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

பாராமெட்ரிக் தெரிந்தால் சம்பளம் கூடுமா?
— மாணவர், அண்ணா நகர்

வெறும் வளைவு தெரிந்தால் கூடாது. ஆயிரம் கதவுக்கு எண் போடுவது, தகட்டுக்கு வெட்டுப்படம் எடுப்பது, பலகை மீதியைக் குறைப்பது ஆகியவற்றை ஒரே ராத்திரியில் முடித்துக் கொடுக்கிறவரை அலுவலகத்தில் விட மாட்டார்கள்.

நான் கட்டட மேஸ்திரி. ஒரு காலேஜ் பையன் செங்கல் சுவர் ஒன்றுக்குப் படம் கொண்டுவந்திருக்கிறான், ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு கோணத்தில் திரும்பி நிற்கிறது, பார்த்தால் துணி காற்றில் ஆடுகிற மாதிரி இருக்கிறது. நூல் எங்கே பிடிப்பது? இது கட்ட முடியுமா?
— மேஸ்திரி, மேடவாக்கம்

முடியும் அண்ணே. இந்த மாதக் கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது உங்களுடையதுதான். சுவிட்சர்லாந்தில் கிரமாஸியோ, கோலர் என்ற இரண்டு பேர் 2006-இல் ஒரு ஒயின் ஆலைக்கு இப்படிச் சுவர் செய்தார்கள், 20,000 கல், அடுக்கியது ரோபோ, பிடிமானம் பசை. உங்களிடம் ரோபோ இல்லை, கரணை இருக்கிறது, அதனால் படத்தைத்தான் மாற்ற வேண்டும்.

பையனிடம் சொல்லுங்கள்: கோணம் ஐந்து வகைக்கு மேல் வேண்டாம். ஐந்து கோணத்துக்கும் பிளைவுட்டில் ஐந்து முக்கோணக் கட்டை வெட்டி, 1 முதல் 5 வரை எண் போட்டுக் கொடுக்கட்டும். ஒவ்வொரு வரிசைக்கும் "1, 1, 2, 3, 3, 4" என்று ஒரு சீட்டு. நூலைக் கல்லின் ஓரத்துக்குப் பிடிக்காதீர்கள், கல்லின் நடுப்புள்ளிக்குப் பிடியுங்கள், ஏனென்றால் எல்லாக் கல்லும் தன் நடுவில்தான் திரும்புகிறது, நடு மட்டும் நேர்கோட்டில் நிற்கும். கல்லின் மேலே நடுவில் சாக்பீஸில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் வேலை வேகமாகப் போகும். தூக்குக்குண்டும் அந்தப் புள்ளிக்குத்தான். அடி வரிசையை மட்டும் முழு அளவில் ஃப்ளெக்ஸ் பேனரில் அச்சடித்து வரச் சொல்லுங்கள், தரையில் விரித்து அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மேல் கல்லுக்கும் கீழ்க் கல்லுக்கும் கோணம் ரொம்ப வித்தியாசப்பட்டால் உட்காருகிற இடம் குறைந்துபோகும், கலவை பிடிக்காது. பக்கத்து வரிசைகள் ஒரு எண்ணுக்கு மேல் தாண்டக் கூடாது, 2-க்கு மேலே 3 வரலாம், 5 வரக் கூடாது. உயரம் இடுப்பளவைத் தாண்டினால் நடுநடுவே கம்பி போட்ட தூண் வேண்டும், அதை ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் பார்த்துச் சொல்ல வேண்டும், பையன் சொன்னால் போதாது.

சதுர அடிக் கணக்குக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், இந்த வேலைக்கு அது கட்டாது. நாள் கூலி பேசுங்கள். முதலில் நாலடி நீளம், மூன்றடி உயரத்துக்கு மாதிரிச் சுவர் ஒன்று கட்டிப் பார்த்து, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு மொத்த விலை சொல்லுங்கள். அந்த மாதிரிச் சுவருக்கும் கூலி உண்டு என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், கட்டுகிற அன்றைக்குப் பையனும் கூடவே நின்று கல் எடுத்துக் கொடுக்கட்டும்.